ஒட்டிவைத்த ராஜா

அநியாயத்திலும் இப்படி ஒரு அநியாயம் உண்டா? ஒரு தாயின் புலம்பலை எடுத்து ஒரு ராஜாவின் காலடியில் பசை போட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே விளக்கும் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதை முதலில் படித்தவளோ கீழ்த்தளத்தில், குழாய் சொட்டுகிற அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அருங்காட்சியகத்தில் அவளுக்குக் களிமண்ணக்கா என்று பெயர். மெசபொட்டேமியாவின் களிமண் பலகைகளைப் படிப்பதுதான் அவள் வேலை. சுமேரியம், அக்காடியம் இரண்டும் அத்துப்படி. இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது லாரி ஓட்டுநரான அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "செத்துப்போன பாஷையப் படிச்சு யார்கிட்டம்மா பேசப் போற?" என்றார் சித்தப்பா. "உங்ககிட்டப் பேசுறதுக்கு அது எவ்வளவோ மேல், சித்தப்பா" என்றாள். வாய் அப்போதே அப்படி.

வேலை ஒன்றும் லேசுப்பட்டதல்ல. பலகை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பலகையைத் திருப்பித் திருப்பி, ஆப்பு ஆப்பாகக் குத்திய எழுத்தின் நிழலைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கண்ணில் பட்டதைத்தான் தாளில் வரையலாம். இருக்கும் என்று மனசுக்குப் பட்டதை வரையக் கூடாது. குனிந்து குனிந்து கழுத்து போயிற்று, பார்த்துப் பார்த்துக் கண்ணும் போயிற்று. மருந்துக்கடை வைத்திருந்த கணவர் தைலத்தை நீட்டிக்கொண்டே, "நாலாயிரம் வருஷம் காத்துக்கிட்டிருந்தவங்க நாளைக்கு வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களா?" என்று கிண்டல் செய்வார்.

மகள் வயிற்றில் இருந்த சமயம், மேசைக்கு இரண்டு துண்டுகள் வந்தன. ஒரே நிறம், ஒரே தடிமன். மேல் துண்டில் ஒரு ராஜா தன் பெருமையை அளந்துகொண்டிருந்தான்; எழுதியவனின் கை அழுத்தம், வரிகள் நூல் பிடித்தாற்போல. கீழ்த் துண்டு வேறு கை, வேறு மொழி. வரிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. என்ன விஷயம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டையும் வரைந்து வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போனாள்.

ஒரு மத்தியானம் பிள்ளை வீல் வீலென்று கத்த, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கீழ்த் துண்டின் வரிகள் தானாக வாயில் வந்தன. 'வாயை மூடு, சின்னவனே. உன் கூச்சலில் ஆடெல்லாம் எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் கம்போடு வாசலில் நிற்கிறான். உன்னைப் பெற்றவளுக்கு உட்காரவும் தெம்பில்லை.' அட, இது அழுகிற பிள்ளையை அமர்த்துகிற மந்திரமல்லவா! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

லீவு முடிந்து திரும்பினால், இரண்டு துண்டும் ஒரே பலகை! நடுவே சாந்து பூசி, சாயமடித்து, இல்லாத ஆப்புகளையும் குத்தியிருந்தார்கள். சின்னவன் என்றது தோற்றுப்போன எதிரியாம். ஆடுகள் ராஜாவின் படையாம். கம்போடு நிற்கிறவன் சேனாதிபதியாம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் புத்தகமே போட்டுவிட்டான். படங்கள் அவள் வரைந்தவை, பெயர் அவனுடையது.

அவன் என்றால், அவளோடு ஒரே பெஞ்சில் படித்து, அதே அருங்காட்சியகத்தில் வேலைக்கும் சேர்ந்தவன். அந்தப் புத்தகத்தால்தான் அருங்காட்சியகத்துக்கே இயக்குநர் ஆனான். அவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னிக்க வேண்டும். அவள் போய்ச் சொன்னதற்கு, "உனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, இன்னும் கொஞ்சம் லீவு எடுத்துக்கோ" என்றான். ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினாள். இந்தத் துறையில் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தானே? பத்திரிகைக்காரர்கள் அதை யாரிடம் அபிப்பிராயம் கேட்டு அனுப்பினார்கள் தெரியுமா? அவனிடமேதான். விளங்குமா?

வருஷங்கள் ஓடி, அவள் ஓய்வு பெறும் காலம் வந்தது. அவளுக்குப் பிறகு அந்தப் பதவியே கிடையாது என்று முடிவாகிவிட்டது. அவள் வெளியே போய்விட்டால் அந்தத் துண்டைப் பிரித்துப் படிக்க அங்கே நாதியில்லை. பொய் பொய்யாகவே நிலைத்துவிடும். பொறுக்க முடியாமல் அவன் அறைக்கே போனாள்.

"பசையைக் கரைச்சுப் பிரிச்சிடலாம். என் மக நகச்சாயம் அழிக்கிறாளே, அந்தத் தண்ணியே போதும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நீ ஒரு கையெழுத்து மட்டும் போடு."

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

"என்னது?"

"புத்தகம் வந்த வருஷமே தெரியும். விடேன். ராஜாவைப் பார்க்கத்தான் ஜனங்க வர்றாங்க. எவளோ பிள்ளையைத் தூங்கவச்ச கதையைப் பார்க்க யார் வருவா?"

இத்தனை காலம் அவனை மடையன் என்றே நினைத்திருந்தாள். மடையனையாவது மன்னிக்கலாம். தெரிந்தே செய்தவனை என்ன செய்வது?

பிரிவுபசார விழாவில் அவன் அவளைப் புகழ்ந்து தள்ளினான். பிறகு நினைவுப் பரிசு என்று பட்டுத்துணி விரித்த பெட்டியைத் திறந்தான். உள்ளே அதே பலகையின் சாந்து நகல்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். கூட்டம் கைதட்டியது.

அவள் நகலை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டின இடம் அச்சில் பள்ளமாகவே விழுந்திருந்தது. மேசை விளிம்பில் அந்த இடத்தை வைத்து ஓங்கி ஒரு தட்டு. படக்கென்று இரண்டாகப் போயிற்று.

"இந்தாங்க சார், உங்க ராஜா" என்று மேல் பாதியை அவன் கையில் திணித்தாள். கீழ்ப் பாதியை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். முதலில் அக்காடியத்தில் வாசித்தாள். பிறகு எல்லாருக்கும் புரிகிற பேச்சில், ஆடு, பக்கத்து வீட்டுக்காரன், கம்பு, உட்காரத் தெம்பில்லாத அம்மா என்று ஒன்று விடாமல் சொன்னாள். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது.

முன்வரிசையில் இருந்த இயக்குநரின் மனைவி எழுந்தே விட்டாள். "ஏங்க, இது பிள்ளையை அமர்த்துறதுல்ல? பெத்த எவளைக் கேட்டாலும் சொல்லுவாளே! இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ராஜா ராஜான்னு சொல்லிட்டிருந்தீங்க?"

களிமண்ணக்காதான் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியும்மா. புத்தகம் வந்த வருஷமே தெரியுமாம். அவரே சொன்னார்."