திறந்து பார்க்காத நகல்

போளூர் ரோட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள் ரூக்ஸார். ஸ்கேனுக்கு ஃபிலிம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னவளும் அவள்தான். எல்லாப் படமும் தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்று நிர்வாகத்திடம் மார்தட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும்.

படங்கள் இருந்தது ஒரு வர்ச்சுவல் மெஷினில். பெரிய சர்வருக்குள் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினி அது. அதன் டிஸ்க் என்பதே ஒரு பெரிய ஃபைல்தான். சர்வர் படுத்துவிட்டால் கைகொடுக்கட்டும் என்று, வேறு மென்பொருள் ஓடும் இரண்டாவது சர்வருக்கு அந்த ஃபைலை வடிவம் மாற்றிக் கொண்டுபோய் வைத்தாள்.

இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அங்கே பௌர்ணமிதான் நாள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோடுகளை அடைத்துவிடுவார்கள், நோயாளிகள் வருவது கம்மி. புரட்டாசிப் பௌர்ணமி மத்தியானம் நகலை ஓடவிட்டாள். லாகின் திரை வந்தது. ரோடு அடைப்பதற்குள் வீடு வந்து சேரச் சொல்லிக் கணவர் சர்தார் மூன்று முறை போன் செய்துவிட்டார். எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். உள்ளே போய் முந்தின நாள் படம் ஒன்றே ஒன்றைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா?

ஐப்பசி இடியில் பெரிய சர்வர் டிஸ்க்குகளோடு கருகியது. நகல் இருபது நிமிஷத்தில் எழுந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், அவளும் பூரித்துத்தான் போனாள்.

மறுநாள் காலை அடி அண்ணாமலையிலிருந்து எல்லம்மாள் வந்தாள். பூ விற்பவள். சித்திரையில் நுரையீரலில் ஒரு சின்னக் கட்டியைப் பார்த்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். வளர்ந்திருக்கிறதா என்று சொல்லப் பழைய படம் வேண்டும். இல்லை. மாசிக்குப் பிறகு யார் படமுமே இல்லை.

மாசியில் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ரூக்ஸார் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தாள், பிறகு அதை நீக்க மறந்தாள். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை பெரிய ஃபைலில் புதிதாக எதுவும் ஏறாது; அன்றுமுதல் வந்ததெல்லாம் பக்கத்தில் வேறொரு ஃபைலில் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் கொண்டுபோனது பழைய பெரிய ஃபைலை மட்டும்; மற்றது சர்வரோடு கருகிவிட்டது.

புதிதாக ஒரு படம் எடுத்து, மூன்று மாதம் கழித்து ஒப்பிடலாம் என்றார் டாக்டரம்மா. தப்பு தன்னுடையது என்று ரூக்ஸார் எல்லம்மாளிடம் சொல்லிவிட்டாள். மெஷின்னா ரிப்பேர் ஆவுறதுதானே என்று அவள் இவளுக்கே ஆறுதல் சொன்னாள்.

தையில் கட்டி இரண்டு மடங்காகியிருந்தது. ரூக்ஸார் கூடவே நின்றாள். வேலூரிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்ன நாளுக்கு ஐப்பசியிலயே வந்தனே, சார்" என்றாள் எல்லம்மாள். சாட்சிக்கு ரூக்ஸாரைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்குத் தெரியும்."