தோணி ஆபீசில் காணாமல் போன வயர்லெஸ் கார்டு

வேம்பாரில் ஓர் உப்பள ஆபீசில் பிரிண்டர் வேலையை முடித்துவிட்டுத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. எஸ்தர்.

“அண்ணே, கம்ப்யூட்டர்ல நெட் வரல. மதியத்துக்குள்ள தோணிக்குப் பேப்பர் ஏத்தணும்.”

எஸ்தர், துறைமுகம் பக்கம் சூசை அண்ணாச்சியின் தோணி ஆபீசை நடத்துகிறவர். முதலாளி அண்ணாச்சி என்றாலும் அங்கே எல்லாம் எஸ்தர்தான். அண்ணாச்சியின் சரக்குத் தோணி தக்காளியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பத் தயாராக நின்றது. காற்று எச்சரிக்கை வரப்போகிறது என்று பேச்சு. அன்றைக்கு விட்டால் பிறகு எப்போது கிளம்பலாம் என்று யாருக்கும் தெரியாது. தக்காளி அதுவரை தாங்காது. சுங்கத்துக்கு ஆன்லைனில் பேப்பர் ஏற்றுவதற்கான டிஜிட்டல் கையெழுத்தோ, நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்த ஒரே டெஸ்க்டாப்பில்தான் செட் ஆகியிருந்தது.

எலி கடித்த லேன் கேபிளை மாற்றி மாற்றி அலுத்துப்போய், நான்தான் அதில் வயர்லெஸ் கார்டு மாட்டியிருந்தேன். போனிலிருந்து யூ.எஸ்.பி. வழியாக நெட் எடுக்கலாம் என்றால், ஆபீசில் இருந்த ஒயர் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம். நான் பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் மதியம் தாண்டிவிடும். போனிலேயே பார்த்தாக வேண்டும்.

போனில் லினக்ஸ் கமாண்ட் சொல்வதைப் போலத் தண்டனை வேறு கிடையாது. “என்னமோ இங்கிலீஷ்ல வருது சார்” என்பார்கள். என்ன வருகிறது என்று கேட்டால், “என்னமோ” என்பார்கள். நான் கத்துவேன், அவர்கள் போனை வைத்துவிடுவார்கள்.

எஸ்தர் அப்படி இல்லை. தோணியை ஓட்டும் தண்டல்களோடு தினமும் வி.எச்.எஃப். ரேடியோவில் பேசுகிறவர். அதில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் ‘சரி’ என்ற பிறகுதான் அடுத்த பேச்சு.

முந்தின நாள் சிஸ்டம் அப்டேட் ஆகியிருந்தது. கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர்தான் போயிருக்கும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இருந்தாலும் முதலில் ‘rfkill list’ அடிக்கச் சொன்னேன். கார்டை ஏதாவது தடுத்து வைத்திருக்கிறதா என்று அது காட்டும்.

“ஆர், எஃப், கே, ஐ, ரெண்டு எல். ஒரு இடம் விட்டு, லிஸ்ட். சரியா?”

“சரி.”

“ஒண்ணும் வரல அண்ணே. எரரும் இல்ல. கர்சர் மட்டும் அடுத்த வரில வந்து நிக்கி.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவருக்கு மாலை போடலாம். எரர் வருவது வேறு, ஒன்றுமே வராதது வேறு. அடுத்து ‘lspci’. மெஷினில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று வரிசையாக வரும். பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஒரு வரி விடாமல் வாசித்தார். பழைய லேன் போர்ட் இருந்தது. வயர்லெஸ் கார்டு இல்லவே இல்லை. டிரைவர் என்று நான் கிளம்பியிருந்தால் அந்த மதியம் அதிலேயே போயிருக்கும்.

கரண்டை நிறுத்தி, கேபினெட்டைத் திறந்து, ஆன்டெனா இருக்கிற கார்டைக் கழற்றச் சொன்னேன்.

“அதோட பல்லு, ஸ்லாட்டுக்குள்ள போற ஓரம், பித்தளைக் கலர்ல மின்னுதா?”

“இல்ல. கறுப்பா, பசை மாதிரி அப்பியிருக்கு. தொட்டா வழுக்குது. மோந்தா எஞ்சின் ரூம் வாடை அடிக்கி.”

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கிரீஸ். உப்புக்காற்று அரிக்காமல் இருக்கத் தோணியில் இரும்பைக் கண்ட இடமெல்லாம் கிரீஸ் பூசுவார்கள். யாரோ கம்ப்யூட்டருக்கும் பூசி, கார்டின் தொடர்பே விட்டுப்போயிருக்கிறது.

“யாரும்மா அந்தப் புண்ணியவான்?”

“தெரியாது அண்ணே. நேத்து நான் லீவு.”

ஸ்பீக்கரில் கேட்டிருப்பார் போல, தூரத்தில் சூசை அண்ணாச்சியின் குரல் வந்தது. “நாந்தாம்ல. திறந்து பாத்தேன், ஓரமெல்லாம் துரு. அரிச்சிரும்லா, லேசா தடவுனேன்.”

லேசாகத்தான் தடவியிருப்பார், பாவம். கார்டைத் துணியால் துடைத்து, பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னேன். பழைய ஸ்லாட்டுக்குள்ளும் கிரீஸ் இறங்கியிருக்கும், பக்கத்தில் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் மாட்டுங்கள் என்றேன். எஸ்தர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், நான் சரி என்றேன். மெஷினைப் போட்டு மறுபடி வாசித்தபோது, கடைசி வரிக்கு முந்தின வரியில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பேப்பர் நேரத்துக்குள் ஏறிவிட்டது.

நான் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது தோணி கிளம்பியிருந்தது. அண்ணாச்சி என் கண்ணில் படாமல் டீ சொல்லப் போய்விட்டார். இப்போது என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களிடம், கஸ்டமர் என்ன நினைக்கிறார் என்று கேட்காதே, ஸ்கிரீனில் என்ன தெரிகிறது என்று கேள் என்று சொல்கிறேன். நீயும் எதையும் முதலிலேயே முடிவு கட்டாதே என்றும் சொல்கிறேன். இரண்டையும் எஸ்தரிடம்தான் படித்தேன்.

அன்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன். “அண்ணாச்சிதான் பூசுனதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு? முதலாளின்னு பயமா?”

“பயம் என்ன அண்ணே. அவர் கைதான்னு தோணத்தான் செஞ்சுது,” என்றார் எஸ்தர். “ஆனா நான் பாக்கலயே.”