"சாப்பிடுறேங்க, டாக்டர்"

பக்கத்து வீட்டு செல்வியை இன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தருமபுரத்தில் மீன் விற்பவள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு போகாததால் கூடை காலி. சில நாட்களாகத் தூக்கமில்லை, உட்கார்ந்த இடத்தில் அழுகிறாள்.

"நல்லா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாப்பிடுறேங்க."

"காய், கீரை?"

"எல்லாம் சாப்பிடுறேங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் டாக்டர்! சோத்தைப் பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு இவ நீராகாரத்தைக் குடிச்சிட்டுப் படுக்கிறா."

"பெரியவரே, வெளியில உட்காருங்க."

நான் நகரவில்லை. செல்விதான், "மானத்த வாங்காதீங்க பெரியப்பா" என்றாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீட்டில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று போட்டிருக்கிறது. எந்தச் சாப்பாட்டுக்குப் பின்?

யார் கேட்டாலும் "சாப்பிட்டாச்சு" என்பது நம் ஊர் மரியாதை. பட்டினி கிடப்பவள்தான் அதை முதலில் சொல்வாள். இத்தனை படித்தவருக்கு இது தெரிய வேண்டாமா?

அவளிடம் பேரம் பேசி மீன் வாங்கிய தருமபுரத்துக்காரர்களே, இந்தப் பதிவுக்குக் கீழே வந்து "ஐயோ பாவம்" என்று எழுதாதீர்கள். கீரையும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு போங்கள். "எல்லாம் இருக்குங்க" என்பாள். வாசலில் வைத்துவிட்டு வந்து, வைத்தாயிற்று என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.