பெரியம்மாள் விடப்பட்ட வெள்ளிக்கிழமை

தினமும் விடிந்ததும் கரும்பு வெட்டக் கிளம்பும் பெரியம்மாள், புருசனிடம் சொல்லிக்கொண்டு போகும் விதம் புதிதாகக் கேட்கிறவர்களைப் பதறவைக்கும்.

"யோவ், இன்னிக்கி வருகை வந்துடுச்சின்னா நா திரும்ப மாட்டேன். ரேசன் கார்டு டிரங்குப் பொட்டியில கீது. செவப்பாடு இன்னும் பத்து நாள்ல குட்டி போடும், தனியாக் கட்டு. நம்ம புள்ள அருள்மொழிக்குப் போன் பண்ணி அழுவாதன்னு சொல்லு. சுகர் மாத்திரைய வேளைக்கிப் போட்டுக்க."

"ஆவட்டும் ஆவட்டும். ஒருவேள வந்துட்டன்னா வரும்போது கத்திரிக்கா வாங்கிக்கினு வா," என்பான் பொன்னுரங்கம்.

பதினொரு வருசமாக இதுதான். பதினொரு வருசமும் சாயங்காலம் கத்திரிக்காயோடு திரும்பி வந்துகொண்டுதான் இருந்தாள்.

மணலூர்பேட்டையிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டை ஒட்டிய காலனியில் அவர்கள் வீடு. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கரும்பு, நெல், நூறு நாள் வேலை, எது கிடைக்கிறதோ அது. முப்பத்தொன்பது வயதில் பெரியம்மாளுக்கு வயிற்று வலி வந்தது. இரண்டு வருசம் ஆட்டிப் படைத்தது. பார்க்காத டாக்டர் இல்லை, கட்டாத கயிறு இல்லை. பக்கத்து வீட்டு ராஜாம்பாள் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜெப வீட்டில் உட்காரவைத்தாள். பாஸ்டர் தெய்வசிகாமணி தலையில் கைவைத்து ஜெபித்தார். வலி நின்றது. மருந்து வேலை செய்ததா, மனசு வேலை செய்ததா என்று இன்றைக்கும் பொன்னுரங்கம் கேட்பான். பெரியம்மாளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. பெண்ணையாற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தாள், மூக்குத்தியைக் கழற்றினாள், பொட்டை அழித்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வெள்ளைச் சேலை வாங்கினாள்.

அந்தக் கோலத்தில் முதல்முறை வாசலில் வந்து நின்றவளைப் பார்த்துப் பொன்னுரங்கம் பதறிப்போனான். "இன்னாமே இது? நா செத்துட்டேன்னு ஊர்ல சொல்லிட்டியா?" என்று கேட்டான். அதற்கு மேல் அவளைத் தடுக்கவில்லை. கூடவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெப வீட்டில் கைதட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் இங்கே தலைக்கறி வேகவைத்துக்கொண்டிருப்பான்.

பெரியம்மாளின் கவலை முழுக்க அங்கேதான் இருந்தது. வருகை என்றால் இயேசு திரும்பி வருவது. அதற்கு முன்னறிவிப்பு கிடையாது, தேதி கிடையாது. இரட்சிக்கப்பட்டவர்கள் நின்ற இடத்திலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து, கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் விடப்படுவார்கள். விடப்பட்டவர்களுக்கு ஏழு வருச உபத்திரவம், அதற்குப் பிறகு நரகம். பாஸ்டர் இதைச் சொல்லும்போது சபையே மேலே பார்க்கும். பெரியம்மாள் மட்டும் கதவுப் பக்கம் பார்ப்பாள். கத்திரிக்காய் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுசன் அங்கே எங்கேயாவது தென்பட மாட்டானா என்றிருக்கும். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார் என்று பாஸ்டர் எத்தனை முறை சொன்னாலும், மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கூடினால் இவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம்தான் பார்ப்பாள். மழையே அங்கிருந்துதானே வருகிறது என்பது அவள் கணக்கு.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் ஜெப வீட்டில் உபவாச ஜெபம், பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டதால் பெரியம்மாளால் கரும்புக் காட்டை விட்டு வர முடியவில்லை. சரி, வெட்டிக்கொண்டே உபவாசம் இருப்போம், மத்தியானத்துக்கு மேல் போய்க் கலந்துகொள்வோம் என்று நினைத்தாள். பதினொரு மணிக்கு மேஸ்திரி வீரமணி கேனில் டீ கொண்டுவந்தான். விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் டீ குடித்தாள். டீ உள்ளே போனதும் பசி விழித்துக்கொண்டு, ஒரு பன்னையும் தின்னவைத்தது.

இரண்டே காலுக்கு ஜெப வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அது காலனியைத் தாண்டி, கரும்புக் காட்டு ஓரத்தில் தனியாக நிற்கிற ஷீட் போட்ட கட்டடம். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ராஜாம்பாளின் ஊக்கு குத்திய செருப்பு, பாஸ்டரின் கறுப்பு ஷூ, எல்லாம் இருந்தன. ஆனால் சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் ரோடுவரைக்கும் கேட்கும். மௌன ஜெபம் போலிருக்கிறது என்று காலைக் கழுவிக்கொண்டு, பன் தின்ற குற்ற உணர்ச்சியோடு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒருவரும் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைக் கொர்ரென்று இரைந்தது. பாயெல்லாம் விரித்தபடி கிடந்தது. ஒவ்வொரு பாயிலும் வேதப் புத்தகம் திறந்திருந்தது, பக்கங்கள் காற்றில் புரண்டன. பாஸ்டரின் மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் பத்தடி நடக்க மாட்டார்.

பெரியம்மாள் போனை எடுத்து ராஜாம்பாளுக்கு அடித்தாள். அவள் காலடியிலேயே, பாயின்மேல் இருந்த ராஜாம்பாளின் பையிலிருந்து மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வந்துவிட்டார். வந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதினொரு வருசம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கரும்புத் தோகைக்குள் குனிந்திருந்த நேரமாகப் பார்த்து வந்துவிட்டார். "ஒரு டம்ளர் டீக்கா ஆண்டவரே?" என்று வாய்விட்டுக் கேட்டாள். "அந்தப் பன்னு நல்லாக்கூட இல்லியே!" மைக் மட்டும் இரைந்தது.

எழுந்து வெறுங்காலோடு ஓடினாள். காலனி எப்போதும்போல் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. வருகைக்குப் பிறகும் உலகம் ஒன்றுமே தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று பாஸ்டர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. குழாயடியில் கோகிலவாணி குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் சபைக்காரி இல்லை, அதனால் இங்கே இருக்கிறாள். ரொம்பச் சரியாகப் பொருந்தியது.

"எல்லாரும் போய்ட்டாங்கடி," என்றாள் பெரியம்மாள்.

"யாரு போனது? எங்க?"

"மேல!"

"இன்னாக்கா, வெயில்ல தலகிலி சுத்துதா? ஒக்காரு, தண்ணி குடி."

உட்காரவில்லை. அவள் எண்ணமெல்லாம் இப்போது பொன்னுரங்கத்தின்மேல் இருந்தது. அவன் இருப்பான். அவன் எங்கே போகப் போகிறான்? அவனும் நானும் விடப்பட்டவர்கள், ஏழு வருசமோ எழுபது வருசமோ சேர்ந்து கிடந்து அனுபவிப்போம் என்று ஓடினாள். அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு தைரியம்கூட வந்தது என்றால் நம்புங்கள்.

வீட்டிலும் ஆள் இல்லை.

அடுப்பில் சோறு குழைந்து அடிப்பிடித்து நாறியது. செருப்பு இருந்தது. துண்டு கொடியில் தொங்கியது. வாசலுக்கு நேரே மண் தரையில் அவனுடைய நீலக் கைலி வட்டமாகக் கிடந்தது. உள்ளே நின்றுகொண்டிருந்த ஆளை மட்டும் யாரோ மேலே உருவிக்கொண்ட மாதிரி, முடிச்சு தளர்ந்து, நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது.

பெரியம்மாள் கைலியைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மறுபடி கைலியைப் பார்த்தாள்.

முதலில் வந்தது ஆத்திரம். தலைக்கறிக்காரனைக் கூட்டிக்கொண்டு போனாரா? ஒருநாள், ஒரே ஒருநாள் முழங்கால் போட்டிருப்பானா இவன்? பசியிலும் வெயிலிலும் நான் கிடந்தேன், மூக்குத்தியைக் கழற்றினேன், அவனைத் தூக்கிக்கொண்டு என்னை இங்கே போட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்? நன்றாக நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

வேறு ஏதோ வந்தது. நெஞ்சுக்குள் பதினொரு வருசமாக இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று அவிழ்ந்தது. அவன் நரகத்துக்குப் போகவில்லை. அவன் எரிய மாட்டான். அந்த ஆள் சுடுதண்ணீர் காலில் பட்டாலே ஊரைக் கூட்டுவான். இனி பயமில்லை, அவன் நல்ல இடத்தில் இருக்கிறான். பெரியம்மாள் அந்தக் கைலியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "போதும் ஆண்டவரே, போதும். நா கெடக்கறேன், பரவால்ல," என்று அழுதாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக அழுததில்லை. அதை நினைத்து அவளே திடுக்கிட்டாள்.

அப்போது கோகிலவாணி தெருவில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா! உன் வூட்டுக்காரு கெணத்துல வுழுந்துட்டாராம்! ஜெப வீட்டுக்குப் பின்னால கரும்புக் காட்டுக்குள்ள மோட்டார் கொட்டாய்க் கெணறு! உங்க சபைக்காரங்க எல்லாம் அங்கதான் கீறாங்க!"

பெரியம்மாள் கைலியோடு நின்றாள். கோகிலவாணிதான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நடந்தது இவ்வளவுதான். சிவப்பாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் புகுந்திருக்கிறது. பொன்னுரங்கம் அடுப்பைக்கூட அணைக்காமல் துரத்தியிருக்கிறான். கைலி காலைத் தடுக்க, அதை அவிழ்த்து வாசலிலேயே போட்டுவிட்டு டிராயரோடு ஓடியிருக்கிறான். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, ஆடு நின்றுகொண்டது, இவன் போய்விட்டான். அவன் போட்ட கூச்சல் ஜெப வீட்டில் கேட்டு, செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் சபை மொத்தமும் பின்கதவு வழியாக ஓடியிருக்கிறது. கரும்பும் மைக் இரைச்சலும் மறைத்ததில் பெரியம்மாளுக்கு அங்கே நடந்த சத்தம் எட்டவில்லை.

பெரியம்மாள் போகும்போது வெள்ளைச் சேலைக்காரிகள் எல்லாரும் வரிசையாக நின்று மோட்டார்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாள் முன்னால் நின்று "இழு! இழு!" என்று கத்தினாள். கயிற்றுக் கட்டில் ஒன்று மேலே வந்தது. அதில் பொன்னுரங்கம், கோடுபோட்ட டிராயரும் பாசியுமாக, ஒரு கால் கோணிக்கொண்டு கிடந்தான். கீழே தண்ணீரில் பாஸ்டர் தெய்வசிகாமணி கண்ணாடி இல்லாத முகத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாத மனுசன், குதித்திருக்கிறார்.

"இந்தாமே, அழுவாத, காலுதான்," என்றான் பொன்னுரங்கம்.

அவள் அழவில்லை. கல்லாக நின்றாள். அதிர்ச்சி, பாவம், புருசன் விழுந்ததைப் பார்த்துப் பேச்சு வரவில்லை என்று எல்லாரும் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவள் எதற்கு அதிர்ந்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? உயிரோடு மேலே வந்த புருசனைப் பார்த்ததும் அவள் மனசுக்குள் முதலில் எழுந்தது, 'அடப்பாவி, நீ போவலியா?' என்பதுதான். நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நிம்மதியானவளுக்கு, அவன் திரும்பி வந்தது பழைய பயம் திரும்பி வந்தது போலிருந்தது. பிழைத்து வந்த புருசனைப் பார்த்து ஒரு பொம்பளை இப்படி நினைப்பாளா? மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, நன்றி சொல்ல வேண்டும் என்று சபைக்காரர்களே ஆட்டோ வைத்துப் பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கிணற்றில் குதித்த மனுசருக்காக வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆளாளுக்கு எழுந்து தங்கள் வாழ்வில் ஆண்டவர் செய்ததைச் சொல்வார்கள். பாஸ்டர் சிரித்த முகத்தோடு, "சிஸ்டர் சொல்லுங்க, அந்தக் கெணத்துல கர்த்தர் செஞ்ச அற்புதத்த," என்று மைக்கை நீட்டினார்.

பெரியம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நா கெணத்தப் பத்திப் பேச வரலய்யா," என்றாள். "அன்னிக்கி உபவாசத்துல டீ குடிச்சேன். பன்னும் துன்னேன். இங்க வந்து பாத்தா யாருமே இல்ல. எல்லாரும் மேல போய்ட்டீங்க, நா விடப்பட்டேன்னு நெனச்சேன். வூட்டுக்குப் போனா இவரும் இல்ல. கைலி மட்டும் கெடந்துச்சி. இவரையும் எடுத்துக்கினாருன்னு நெனச்சேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"அய்யா, எனக்கு சந்தோசமா இருந்துச்சி. நா நரகத்துக்குப் போறேன்னு தெரிஞ்சும் சந்தோசமா இருந்துச்சி. இவரு தப்பிச்சா போதும்னு இருந்துச்சி. உசுரோட வெளிய வந்தாரே, அப்பதான் துக்கமாப் போச்சி. இது பாவமா? சொல்லுங்க. எனக்கு எதுக்குய்யா இரட்சிப்பு, இவர இங்க வுட்டுட்டு?"

உலக முடிவின் முத்திரைகளைப் பற்றியும் எக்காளங்களைப் பற்றியும் மணிக்கணக்கில் விளக்கக்கூடிய பாஸ்டர் தெய்வசிகாமணி, புத்தகத்தைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

சபை அதிர்ந்துபோனது. அவர் தெரியாது என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

கதவோரம் நாற்காலி கிறீச்சிட்டது. பொன்னுரங்கத்துக்கு இந்தக் கதை இப்போதுதான் தெரியும். முகம் வெளுத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், மைக் இல்லாமலே பேசினான்.

"உங்க சாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்கய்யா, எனக்கு அவரு பழக்கமில்ல. கூப்புடறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புட சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் இங்கியே கெடக்கறோம். இவள வுட்டுட்டு நா மட்டும் அங்க போயி இன்னா பண்றது?"

ராஜாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் தலையைக் குனிந்தார். ஆண்டவருக்கே நிபந்தனை போடுகிற இந்தப் பேச்சைக் கேட்டு மொத்தச் சபையும் விக்கித்து உட்கார்ந்திருந்தபோது, மைக்கைக் கையில் வைத்திருப்பதையே மறந்து, "ஆமென்" என்றாள் பெரியம்மாள்.