தண்டவாளத்துக்கு ஞானஸ்நானம்

பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி பஞ்சாலையின் குரலுக்குத் தனி மரியாதை. மலையில் நின்று "ஏய்!" என்றால் பல மைல் தள்ளி ரெம்பாவில் மேய்கிற எருமை திரும்பிப் பார்க்கும். ஜப்பான்காரன் வந்து பால்வெட்டு நின்றுபோனதும், புருஷன் சன்னாசியோடு அவள் மரவள்ளி நடக் காடு அழித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வயிற்றில்தான் நெருப்பு. மலையில் வெறும் புகை. வெட்டிச் சாய்த்த மரங்கள் பற்றவே இல்லை. விடிந்தால் ஜப்பான் அதிகாரி வருவான். எரித்த நிலத்தைக் காட்டாத ஆம்பிளையைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிவிடுவான். போனவன் எவன் திரும்பினான்? மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

பஞ்சாலை ஓடினாள். பக்கத்துக் காட்டில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றியிருந்தார்கள். அவர்களுடைய குரு அருளப்பர் சாமியார் புதுச்சேரிக்காரர். அவளிடம்தான் கீரை வாங்குவார்.

"சாமி, மழையை நிறுத்துங்க!"

"நானா? மழை எங்கேருந்து வருதுன்னே எங்க பழைய பெரியவங்க நூத்துக்கணக்கான வருஷம் சண்டை போட்டாங்கம்மா. வானத்துக்கு மேல தண்ணி தேங்கி நிக்குதுன்னாங்க சிலர். இல்ல, சூரியன் பூமியிலேருந்து ஆவியை இழுக்குது, அது குளிர்ந்து இறங்குதுன்னாங்க படிச்ச துறவிங்க."

"எந்த ஆவி? போன மாசம் செத்த மண்டோர் கங்காணியா?"

"சோத்துப்பானை ஆவிம்மா! ஆனா கெட்ட ஆவிங்கதான் புயலைக் கிளப்புதுன்னு சொன்னவங்களும் உண்டு. அதுக்காகக் கோயில் மணிக்கு ஞானஸ்நானம் குடுத்து, பேர் வெச்சு அடிப்பாங்க. ஆவி பயந்து ஓடுதுன்னார் ஒருத்தர். ஆவியுமில்ல ஒண்ணுமில்ல, காத்து அதிர்ந்து மேகம் கலையுதுன்னார் இன்னொருத்தர்."

"எதுனாச்சும் ஒண்ணு நெசமா இருக்கும்ல? வாங்க, அடிப்போம்!"

மணிக்கு எங்கே போவது? காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தட்டுகிற தண்டவாளத் துண்டு தோட்டத்தில் தொங்கியது. சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்துவந்து அதன் முன்னால் நிறுத்தினாள். அவளுடைய முகத்தைப் பார்த்த சாமியார் மறுக்க மனமில்லாமல் தண்ணீரை மந்திரித்துத் தெளித்தார்.

"பேரு மரியா."

"அட, நம்ம ஆத்தா!" என்று பஞ்சாலை இரும்புக் கம்பியை ஓங்கினாள். "மாரியம்மா! மாரியம்மா!" ணங்! ணங்!

மலையிலிருந்து சன்னாசி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். "அடி கிறுக்கி! மழையே வரக் கூடாதுங்கிறப்ப மழைக்காரியையே கூப்பிடுறியே!"

பஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஓங்கிய கை நிற்கவில்லை. ணங்!

மழைக்கு முன்னால் காற்று வந்தது. சாதாரணக் காற்றா அது! சாமியாரின் தொப்பியைப் பறித்து ஒரு பலாமரத்துக்கு மாட்டிவிட்டது. புகைந்து கிடந்த மலைக்குள் புகுந்து ஊதிய ஊதலில், அடிவாரத்திலிருந்து உச்சிவரை குப்பென்று பற்றிக்கொண்டது! தூரத்துக் கோலா பிலாவில் படுக்க விரித்தவர்கள் விடிந்துவிட்டதென்று பாயைச் சுருட்டினார்களாம். கடைசி மரமும் கரியான பிறகுதான் வானம் கொட்டியது, சாம்பலெல்லாம் மண்ணுக்குள் இறங்கும்படி.

"எந்தப் பெரியவர் சொன்னது சாமி பலிச்சது?" என்று நனைந்தபடி கத்தினாள்.

"தெரியலம்மா! யாரும் இதை எழுதி வைக்கல!" சாமியார் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

காலையில் மழையோடு மழையாக அதிகாரி வந்தான். கருகிய மலையைப் பார்த்தான். சேற்றில் நின்ற சன்னாசியைப் பார்த்தான். என்னவோ உறுமிவிட்டு, ஆளைத் தொடாமல் அடுத்த மலைக்குப் போய்விட்டான்.

"கொஞ்சம் உக்காந்துக்கிறேன்டி" என்று சன்னாசி அங்கேயே உட்கார்ந்தான்.

பஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியை அவன் மடியில் போட்டாள். "சயாம்ல உக்கார விடுவானாய்யா? எழுந்து நடு லா!"