கல்லாவில் உட்கார்ந்த சமையல்காரர்

எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டால், பதற்றத்தில் இருப்புக் கொள்ளாது. உலை அடுப்பில் கொதிக்கும், நான் வாசலில் நிற்பேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். கடை முதலாளிக்கு நம் குலசேகரம்தான் ஊர். இவரை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அந்த நாட்டு அரசுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது கிடைத்தால்தான் நானும் மகளும் அங்கே போக முடியும். மகள் பிறந்ததிலிருந்து, அவர் லீவில் வந்த நாட்கள் தவிர, நாங்கள் மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்ததே இல்லை.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா! முதலாளி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு ஊருக்கு வந்திருந்தார். நம் பக்கத்தில் முதலாளி வெளியே போனால் கல்லாவில் யார் உட்காருவார்? இருப்பதிலேயே நம்பிக்கையான ஆள்தானே? இவரை உட்கார வைத்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டியை உதவியாளிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து, வீடியோ காலில் எனக்கு வேறு காட்டினார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்? அந்த நேரம் பார்த்தா அதிகாரி விசாரிக்க வர வேண்டும்! சமையல்காரர் என்று சொன்ன ஆள் பணம் வாங்கிப் போடுகிறார், இந்தக் கடைக்குச் சமையல்காரர் தேவை என்பதை நம்ப முடியவில்லை என்று எழுதிவிட்டார்.

அப்பீல் போடலாம். ஆனால் முதலாளிதான் போட வேண்டும், இவருக்கு அந்த உரிமை கிடையாது. கெடுவோ முடியப் போகிறது. முதலாளி இன்னும் ஊரில்தான் இருந்தார். போன் போட்டால், "பாப்பம், பாப்பம்" என்பார். பாப்பமாம்! பஸ் ஏறிக் குலசேகரம் போய்விட்டேன்.

மனுஷன் புதுவீட்டு வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா, இரி."

"இருக்கதுக்கு வரல்ல அண்ணாச்சி. அப்பீல் போட்டாச்சா?"

"போட்டா கடையத் திரும்பவும் கிண்டிக் கெளறுவானுவ, கேட்டியா. வேற வழி பாப்பம்."

"அவிய கல்லாவுல இருந்தது ஆருக்காக? ஒங்க வீட்டுப் பால்காய்ச்சுக்குத்தானே? நம்பி இருத்துனது நீங்க, தெருவுல நிக்கது அவியளா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, "அவ சொல்லுகதுல என்ன தப்பு? போட்டுக் குடுங்க" என்றார். முதலாளி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். போனில் ஆஸ்திரேலிய வக்கீலை அழைத்து, என் காதில் விழும்படியே அப்பீல் போடச் சொன்னார். போட்டாயிற்று என்று பதில் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் அவர்கள் தந்த காப்பியைக் குடித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "போட்டாச்சு! அண்ணாச்சிய நான் விடல்லலா!" என்று மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன்.

"ஏட்டி," என்றார் கடைசியில். "நான் ஊருக்கு வந்திரட்டா? இங்க என்னால முடியல்ல."

எனக்குக் கோபமா அழுகையா என்றே தெரியவில்லை.

"இத முதல்லயே சொல்லப்படாதா?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சொல்ல விட்டியா?" என்றார்.