அஞ்சலையின் நீலத் தடங்கள்

வெள்ளை ரத்தம் பெருகி ஆளைச் சாய்க்கும் நோய் ஒன்று உண்டென்று எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் கனகசபை ஐயா. என் பெரிய மகள் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போன வருஷம் அது. குழந்தைகள் வார்டில் ஆயா வேலை என்றால் பாதி நேரம் துடைப்பது, பாதி நேரம் பிறர் பேசுவதைக் காதில் வாங்குவது, நடுநடுவே முருகா என்பது. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கசப்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளிலிருந்து அஞ்சலை என்ற ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். மூன்று வாரமாகக் காய்ச்சல். உதடு வெளுத்து, கழுத்தில் நெறி கட்டி, கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று முனகினாள். டாக்டருக்கு உதவியாயிருந்த டிரசர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. அந்த நாளில் இப்படி வந்தால் குளிர்காய்ச்சல்தான், அதற்குக் கசப்பு மருந்து கொயினாதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. மத்தியானக் காற்றில் அது மேலெழும்பித் தாழும்போது பிள்ளை மேகத்துக்குள் படுத்திருப்பது போலிருக்கும். நான் கொயினாவை நீட்டினால் மேகத்துக்குள்ளிருந்து பதில் வரும்: "காய்ச்சலுக்குத்தானே மருந்து? அதையே குடிக்கச் சொல்லுங்க ஆயாம்மா, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

நீலம்

ஒரு நாள் சட்டை மாற்றும்போது பார்த்தேன். தொடையிலும் கையிலும் நீல நீலமாகத் தடங்கள். பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. கூட இருந்தவள் தாயம்மா, பிள்ளையின் சித்தி. பெற்றவள் போன பிறகு தகப்பன் கட்டிக்கொண்டவள். சித்தி என்றதும், அவள் கிள்ளிய தடம்தான் என்று வார்டே முடிவு செய்துவிட்டது. நானும்தான். பிள்ளை பெற்று வளர்த்தவள், தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான், ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை. நேரே தகப்பன் கோவிந்தனிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து தாயம்மாவை அவர் வரவிடவில்லை.

பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் தைரியம் சொன்னாள்: "அழுதா அழட்டும் ஆயாம்மா, பெத்தவளா இருந்தா இப்படிக் கிள்ளுவாளா?"

சூளைக் கல்

கொயினாவுக்குக் காய்ச்சல் இறங்காததால் டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டை நான்தான் எடுத்துப்போனேன். கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நாவல்பழச் சாறு தெறித்தது போல ஊதா உருண்டைகள், நெருக்கி நெருக்கி. அழகாகத்தான் இருந்தன.

"இது குளிர்காய்ச்சல் இல்லை. சூளையிலை வேகாத கல்லையே வண்டி வண்டியா இறக்கினா நல்ல கல்லுக்கு இடமிருக்குமோ? அப்படித்தான். எலும்புக்குள்ளை ரத்தம் ஊறுற இடத்தை முத்தாத வெள்ளை அணு அடைச்சுப்போடும். சிவப்பு குறைஞ்சு வெளுக்கும். காய்ச்சலை எதிர்க்க ஆளில்லை. ரத்தம் உறையாது, தொட்டாலே நீலமாக் கண்டிப்போகும்" என்றார். ஒட்டுகிற நோயில்லை, யார் செய்த குற்றமும் இல்லை, மருந்தும் இல்லை என்றார்.

நான் சித்தியைப் பற்றிச் சொன்னேன். அவர், ஆண்கள் வார்டில் இதே ரத்தத்தோடும் இதே நீலத் தடங்களோடும் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஒரு ரயில்வே ஃபயர்மேன் கிடப்பதாகவும், பிள்ளைகளைப் போலப் பெரியவர்களுக்கும் இது வருமென்றும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "நாப்பது வயசு மனுசனை எந்தச் சிறியதாய் கிள்ளினவ, ஆயா?"

லயத்தில்

அன்று சாயங்காலமே மழையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். தண்டவாளத்தின் மேல் புகையும் தூறலும் ஒன்றாய்க் கலந்து, எங்கே நடக்கிறேன் என்றே தெரியவில்லை. லயத்து வாசலில் கோவிந்தன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே தாயம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு ஆயாம்மா. தூக்கத்துல கிள்ளிட்டேனோன்னு நகத்தை ஒட்ட வெட்டிப்புட்டேன்."

எட்டு நாள்

அதன்பிறகு அஞ்சலை எட்டு நாள் இருந்தாள். நாங்கள் பிரித்துவைத்தது ஆறு நாள். அந்த ஆறை எந்தச் சாமியிடம் கேட்டு வாங்குவது?

போவதற்கு முந்தின மத்தியானம் தாயம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வெயில் வலைக்குள் பால் போல இறங்கியது. தூரத்தில் ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. ஈறைத் துடைக்க நான் பஞ்சோடு குனிந்தேன். பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நீங்க மத்த புள்ளைங்களைப் பாருங்க ஆயாம்மா, எனக்குத்தான் ஆளு வந்துருச்சே."

மருந்தில்லாத அந்த நோய்க்கு எங்கள் வார்டில் பழி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஆகையால், வெளுத்து நீலம் பாய்ந்த ஒரு பிள்ளையை நீங்கள் எங்காவது கண்டால், தாயை விசாரிக்குமுன் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் உட்கார ஒரு முக்காலி போடுங்கள்.